பிரம்புக்கு யார் விதை போடுவது?

பிரம்பு என்றதும் நம்மில் பலருக்கு உள்ளங்கை கூசும். பாண்டியன் பிட்டுக்கு மண் சுமந்த பெருமானைப் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது என்பது திருவிளையாடல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விலக்கிவிட்டது. பிள்ளைகள் தப்பினார்கள், மிகவும் சந்தோஷம். பிரம்புதான் தப்பவில்லை. அதைப் பற்றி இந்த வாரம் இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

பிரம்பை மூங்கிலுக்குத் தம்பி என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. மூங்கில் புல் ஜாதி, உள்ளே வெற்றிடம். பிரம்போ தென்னை, பனை, கமுகு இவற்றின் பங்காளி; உள்ளே கெட்டி. ஆனால் பங்காளிகளைப்போல் தன் காலில் நிற்கத் தெரியாது. கொக்கி முள் நிறைந்த சாட்டையை நீட்டி, அண்டை மரத்தைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறும். சில வகைகள் 100 மீட்டருக்கு மேலும் நீளும். உலகத்தில் சுமார் 600 வகைகள். நமது தேசத்தில் சுமார் 60.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது தூர தேசத்து விஷயமல்ல. பொள்ளாச்சியைத் தாண்டி மலை ஏறினால் ஆனைமலை. அங்கே காடர்கள் பிரம்பால் ஏணி கட்டிச் செங்குத்தான பாறையில் இறங்கித் தேன் எடுத்தவர்கள். எந்தக் கொடி எத்தனை பாரம் தாங்கும் என்பதை உயிரைப் பணயம் வைத்துக் கற்ற வித்தை அது.

அதே மலையில், டாப்சிலிப்பில், ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் சமாதி இருக்கிறது. 1933-ல் காலமான அவர், வெட்டி மொட்டையான இடங்களில் தேக்கை மறுபடி வளர்த்தவர். கைத்தடியால் குழி குத்தி விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். தேக்குக்கு அப்படி ஒரு மனிதர் கிடைத்தார். பிரம்புக்கோ வெட்ட வந்தவர்கள் அதிகம். நட வந்தவர்கள் கொஞ்சம்.

வெட்டினால் தழைக்காதா என்று கேட்கலாம். குத்தாக வளரும் வகைகள் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒற்றைத் தண்டு வகைக்குத் தென்னையைப்போல் குருத்து உச்சியில்தான். வெட்டினால் அதோடு தீர்ந்தது. மேலும், பிரம்பில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் பழம். பூக்கும் வயதுக்கு முன்னே வெட்டிக்கொண்டே போனால் விதைக்கு எங்கே போவது?

பயிர் செய்ய முடியாத சரக்கு அல்ல இது. போர்னியோவில் பாரிட்டோ நதிக் கரையில் 19-ம் நூற்றாண்டிலேயே குடியானவர்கள் பிரம்பு நட்டார்கள். 1980-களில் இந்தோனேஷியா கச்சாப் பிரம்பை வெளியே அனுப்புவதைத் தடுத்து, சாமானாகச் செய்தே விற்பது என்று தீர்மானித்தது. சுதேசி மந்திரம் நமக்குப் புதிதா என்ன?

முறையும் கடினமல்ல. செதில் போர்த்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, விதை ஈரம் காயுமுன் நிழலில் பாவ வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. கன்று வெகு நாள் புல்லைப்போல் தரையோடு இருக்கும். அப்புறம் ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும். மெல்லிய வகைகள் அறுவடைக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகலாம். தடித்தவைக்கு இன்னும் பொறுமை வேண்டும். வறண்ட மேட்டுக்காட்டில் நட்டு ஏமாற வேண்டாம். மழையும் நிழலும் உள்ள மலைச் சரிவும் ஓடைக் கரையுமே அதற்கு உகந்தவை.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு உரிய சிறு வன மகசூலில் பிரம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கோயமுத்தூரிலோ 1988 முதல் வன மரபியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலையில் கைத்திறன், சட்டத்தில் உரிமை, பட்டணத்தில் படிப்பு. இம்மூன்றும் ஒரு நாற்றங்காலில் சந்தித்தால் காரியம் நடக்கும். உரிமை இருந்தும் கொடி இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம் வீட்டுக் கூடத்தில் பாட்டனார் சாய்ந்த பிரம்பு நாற்காலி இன்னும் கிடக்கலாம். அதைத் தூக்கி எறியாமல் பின்னல் மாற்றி வையுங்கள். புதிது வாங்கினால், எந்தக் காட்டுப் பிரம்பு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேரனும் அப்படிச் சாய வேண்டுமானால், மலையில் இன்றே யாராவது விதை போட வேண்டும்.