பலெர்மோவில் மூன்று இரவுகள்



பயணக் கட்டுரை எழுதுகிற அளவுக்கு நான் ஊர் சுற்றியவன் அல்லன். 1991 இல் சுவிசுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்கு விடுமுறை என்றால் ஒன்றில் பாரிஸ் லாச்சப்பல் கடைத்தெரு, இல்லாவிட்டால் இலண்டனில் ஒரு கல்யாணம், ஜேர்மனியில் ஒரு சாமத்தியவீடு. போகிற இடமெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் மெத்தை போட்டுப் படுத்தெழும்புவதுதான் வழக்கம். காசு கொடுத்து அறை எடுப்பதா? "காசுக்குப் பிடிச்ச கேடு" என்று சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்!

இந்த முறை மகள் விடவில்லை. எங்கள் 30ஆவது திருமண நாளுக்குத் தன் பரிசு என்று சொல்லி, இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் பழைய பகுதியில், கடலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு ஹொட்டேலில் மூன்று இரவுகளுக்கு இடம் பதிந்துவிட்டாள். 12 அறைகள்தான். பழைய பிரபு ஒருவரின் மாளிகையைத் திருத்தி எடுத்தது. இந்த வகைக்குப் 'பூட்டிக் ஹொட்டேல்' என்று பெயராம். நானும் மனைவியும் முதலில் ஏதோ பூட்டுப் போட்ட ஹொட்டேலாக்கும் என்று நினைத்தோம்.

எங்கள் பெட்டியைவிடப் பாரமான ஒரு சங்கடமும் கூடவே வந்தது. என் சின்னம்மாவின் மகள் பலெர்மோவில் இருக்கிறாள். 1980களில் தொடங்கி எங்கள் சனம் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் அது. வீட்டு வேலையும் வயோதிபரைப் பார்க்கும் வேலையும்தான் பெரும்பாலும். தங்கை இருக்கும் ஊரில் போய் ஹொட்டேலில் தங்குவதை எந்த முகத்தோடு சொல்வது?

சூரிச்சில் ரயிலேறினோம். 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் கியாசோ எல்லை. 1991 கார்த்திகை மாதத்து இரவொன்றில், ஏஜென்சிக்காரன் கைகாட்டிவிட்ட ஒற்றையடிப் பாதையில், இந்தப் பக்கத்துக் காட்டுக்குள்ளால்தான் நான் சுவிசுக்குள் வந்தேன். இப்போது ரயில் சற்று நின்று புறப்பட்டது. எங்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. சுவிஸ் 2008 டிசம்பர் 12 இல் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம் இது. அதற்கு முன் சி அனுமதி இருந்தாலும், கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் பக்கத்து நாடான இத்தாலிக்கே விசா எடுக்க வேண்டியிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: எஃப் அனுமதி உள்ளவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. கன்ரோன் அலுவலகத்தில் கேட்டு, உரிய பத்திரம் கிடைத்த பிறகே ரிக்கற் எடுங்கள். எல்லையில் பரிசோதனை எந்த நேரமும் நடக்கலாம்.

மிலானில் இரவு ரயில். மறுநாள் முற்பகல் மெசினா நீரிணை வந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், 1964 டிசம்பர்ப் புயல் வரை ஓடிய 'போட் மெயில்' பற்றி ஐயா கதை கதையாகச் சொல்லுவார். அங்கே ஆட்கள் இறங்கிக் கப்பலேற வேண்டும். இங்கேயோ ரயில் பெட்டிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாங்கள் உள்ளே இருக்கத்தக்கதாகவே கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். மேல்தட்டில் ஏறி உப்புக் காற்றில் நின்றபோது புங்குடுதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் மனம் போய் வந்தது.

பின்னேரம் பலெர்மோ. ஹொட்டேல் இருந்தது கல்சா என்ற பகுதியில். 10ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட அரபு அமீர் கட்டிய கோட்டையின் அரபுப் பெயர் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது. பெரிய மரக்கதவு, கல் பதித்த முற்றம், மேலே ஏறும் பளிங்குப் படி. வரவேற்பில் நின்ற பிள்ளை சிரித்த முகத்தோடு எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு, "பதிந்துவிட்டுப் பிறகு தருகிறேன்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

இத்தாலியில் இது எல்லாருக்கும் உள்ள நடைமுறை. தங்க வருவோர் யாரென்று 24 மணி நேரத்துக்குள் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். சுவிஸ்காரருக்கும் அதேதான், ஜேர்மன்காரருக்கும் அதேதான். புத்திக்கு இது தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. 1991 இல் வெளிநாடு போகக் காத்திருந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் 40 நாள் இருந்தேன். எங்கள் அடையாள அட்டைகளும் 'பதிவுக்கு' என்றுதான் போயின. ஓர் இரவு 2 மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அறையில் இருந்த நால்வரில் இருவரைக் கொண்டுபோனார்கள். ஒருவன் திரும்பி வந்தான். இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2007 ஜூன் 7 இல் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றித் தலைநகரை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே முதலாம் இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. கடவுச்சீட்டு அரை மணித்தியாலத்தில் கைக்கு வந்துவிட்டது. இருந்தும் படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி உட்கார்ந்தேன்.

மனைவியின் பாடு வேறு. காலையில் பார்க்கிறேன், கட்டில் விரிப்பை மூலை மடித்து இழுத்துச் செருகி, குளியலறையைத் துடைத்து, துவாய்களை அடுக்கி வைத்திருக்கிறாள். சுவிசில் ஒரு முதியோர் இல்லத்தில் 19 வருடம் இந்த வேலை செய்தவள். நான் மட்டும் என்ன? ஹொட்டேலொன்றில் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். அதன் முன்வாசல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. போனது வந்ததெல்லாம் பின்கதவால்தான்.

9 மணிக்கு அறை துப்புரவாக்கும் பெண் வந்தாள். எங்களைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"என்ன அக்கா, என்ர வேலையைப் பறிச்சுப் போடுவியள் போல கிடக்கே!"

நல்ல யாழ்ப்பாணத் தமிழ்! மனைவிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எந்த ஊர்?" என்று அவள் கேட்டாள். வரவேற்புப் பிள்ளை என் கடவுச்சீட்டைப் பார்த்து ஆர்கௌ கன்ரோனில் உள்ள ஒரு கிராமத்தின் பெயரைத்தான் வாசித்தாள். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த இடம் இருக்காது, குடியுரிமை தந்த ஊரின் பெயர்தான் இருக்கும். அந்த ஊரில் நான் 11 வருடம் இருந்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளை கேட்டதும் வாயில் வந்தது புங்குடுதீவுதான். மனைவி அவள் கையில் ஒரு தாள் வைத்தாள். அவள் வாங்கத் தயங்க, "நானும் இந்த வேலைதான் செய்யிறன் பிள்ளை" என்றாள். அதற்குப் பிறகுதான் வாங்கினாள்.

அன்று பகல் கல்சாவைச் சுற்றினோம். வாசகர்களே, அந்த இடத்தின் கதையை நீங்கள் அறிய வேண்டும். 1943 இல் நேச நாடுகளின் விமானங்கள் பலெர்மோத் துறைமுகத்தையும் பழைய நகரையும் குண்டு போட்டு நொறுக்கின. இடிபாடுகளை அள்ளிக் கரையோரக் கடலுக்குள் கொட்டினார்கள். இன்று பிள்ளைகள் பட்டம் விடும் ஃபோரோ இத்தாலிக்கோ புல்வெளி, அந்தக் கற்குவியலின் மேல் விரிந்திருப்பதுதான். யுத்தம் முடிந்தும் பழைய நகரை உடனே திருத்தவில்லை. ஊருக்கு வெளியே தொடர்மாடிகளைக் கட்டித் தள்ளினார்கள். வசதியுள்ளவர்கள் அங்கே போக, மாளிகைகள் மரமுட்டுக் கொடுத்தபடி பல பத்து வருடங்கள் கிடந்தன. 1992 இல் மாஃபியாவால் கொல்லப்பட்ட நீதிபதிகள் ஃபல்கோனேயும் போர்செல்லீனோவும் சிறுவராய் விளையாடித் திரிந்த தெருக்களும் இவைதான். அந்தக் கொலைகளின் பின் நகரம் விழித்துக்கொண்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து திருத்த வேலைகள் வேகம் பிடித்தன. பின்னால் உல்லாசப் பயணிகள் வந்தார்கள், ஹொட்டேல்கள் வந்தன.

மரமுட்டுக் கொடுத்திருந்த காலத்தில் அந்த வீடுகளில் யார் இருந்தார்கள்? இதற்குப் பதில் பின்னேரம் கிடைத்தது.

தங்கை எங்களைத் தேடி ஹொட்டேலுக்கே வந்துவிட்டாள். முதற்கேள்வி நான் பயந்ததுதான். "ஏன் அண்ணை, எங்கட வீட்டில பாய் இல்லையெண்டோ இஞ்ச வந்தனியள்?" மகளின் பரிசு என்று விளக்கினோம். முகம் முழுதாகத் தெளியவில்லை. ஆனால் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தவள், யன்னலருகே போய் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்த மூலை வீடு தெரியுதே? 1996 இல நாங்கள் இருந்தது அதுதான். ஏழு பேர், ரெண்டு அறை. மழை பெய்தால் சட்டி வைக்கவேணும். ஒருநாள் சீலிங் விழுந்து மகன் மயிரிழையில தப்பினவன். வாடகை மலிவு, வேலைக்குப் போற இடம் கிட்ட, அதால இருந்தனாங்கள். பிறகு வீட்டுக்காரர் வித்துப்போட்டார். இப்ப அங்கயும் அறை வாடகைக்கு விடினமாம்."

சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. நான்தான் குறுகிப்போனேன். குண்டு விழுந்த ஊரிலிருந்து ஓடிவந்த சனம், குண்டு விழுந்த இன்னொரு ஊரின் உடைந்த வீடுகளில் விளக்கேற்றி வைத்திருந்தது. வீடு திருந்தியபோது விளக்கேற்றியவர்களுக்கு அங்கே இடமில்லை. யாழ்ப்பாணத்திலும் எங்கள் பழைய நாற்சார் வீடுகள் இப்போது விருந்தினர் விடுதிகளாகி வருவதைக் காண்கிறோம். யாருடைய வீடு, யார் கடைசியாய் அடுப்பு மூட்டினார்கள் என்று அங்கே தங்கப் போகும் எங்கள் பிள்ளைகள் கேட்பார்களா?

மூன்றாம் நாள் தங்கை எங்களை மொந்தே பெல்லெகிறீனோ மலைக்குக் கூட்டிப்போனாள். ஏறத்தாழ 600 மீற்றர் உயரம். அங்கே குகைக்குள் புனித ரொசாலியாவின் கோயில். 1624 இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் வாட்டியபோது நகரைக் காத்தவர் என்று அந்த மக்கள் நம்பும் புனிதை. எங்கள் சனம், கத்தோலிக்கரும் சைவர்களும், நேர்த்தி வைத்துக் கால்நடையாக ஏறுகிற மலை இது. குகைக் கூரையில் கசியும் நீரைத் தகர வாய்க்கால்கள் ஏந்தி ஓடவிடுகின்றன. மனைவி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இறங்கி வந்து பல்லாரோச் சந்தையில் 'பானெல்லே' வாங்கித் தின்றோம். கடலைமாவைக் காய்ச்சி ஆறவைத்து, வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவது. "ரெண்டு செத்தல் மிளகாய் போட்டிருந்தால் எங்கட சாமான்தான்" என்றாள் மனைவி.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. "மச்சாள், இண்டைக்கு நீங்கள் என்னோட ஹொட்டேலில படுங்கோ. இவர் உங்கட வீட்டில பாயில படுக்கட்டும்." தங்கை பதறிவிட்டாள். 28 வருடம் அந்த ஊரில் மற்றவர்களுக்குக் கட்டில் விரித்தவள், ஒருநாளும் அப்படி ஒரு கட்டிலில் படுத்ததில்லையாம். "எனக்கு என்னத்துக்கு அண்ணி அதெல்லாம்?" என்று மறுத்து மறுத்து, கடைசியில் வந்தாள். வரவேற்பில் விசயத்தைச் சொன்னோம். "பதிந்தால் சரி" என்றார்கள். தன் வதிவிட அட்டையை எடுத்து, கை நடுங்காமல் நீட்டினாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தைரியமாகவும் இருந்தது.

நான் தங்கை வீட்டில் மைத்துனரோடு பழைய கதை பேசி, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுப் பாயில் படுத்தேன். நல்ல நித்திரை.

காலையில் பெட்டி எடுக்கப் போனால், அறை துப்புரவாக்கும் பிள்ளை இடுப்பில் கைவைத்தபடி வாசலில் நிற்கிறாள். உள்ளே கட்டில் சுருக்கமில்லாமல் விரித்திருக்கிறது! "உங்கட ஆக்கள் ஒருத்தரும் என்னை வேலை செய்ய விடமாட்டினம்" என்று அவள் முறையிட, தங்கை அசடு வழியச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "அப்பா, ஹொட்டேல் எப்பிடி? நல்லா நித்திரை கொண்டீங்களா?" இவ்வளவு காலமும் சொல்லாத லொட்ஜ் கதையை அன்று அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "திரும்பி வராத அந்த அண்ணாவின்ர பெயர் என்ன அப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். 34 வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

வாசகர்களே, உழைத்துக் களைத்த உடம்புக்கு மூன்று நாள் ஓய்வு கொடுப்பது ஆடம்பரம் அல்ல. போய் வாருங்கள். கட்டிலை விரிக்காமல் விட்டுவிட்டு வெளியே போகப் பழகுங்கள், எனக்கும் மனைவிக்கும் இன்னும் வரவில்லை! ஆனால் அந்தக் கட்டிலை விரிக்கும் கைக்குத் தினமும் காலையில் ஏதாவது வைத்துவிட்டுப் போங்கள். நாளைக்கு வருவது வேறு ஆளாயிருக்கலாம், கடைசி நாளுக்கென்று வைத்திருக்க வேண்டாம். அந்த ஊரில் எங்கள் சனம் இருந்தால், போக முன்னரே சொல்லிவிட்டுப் போங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.