சின்னம்மை கண்ட பிள்ளையை மக்தபுக்கு அனுப்பாதீர்கள்



பனி விலகி வெயில் ஏறும் மாதங்களில் மக்தபில் சின்னம்மை தலைகாட்டுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அத்தகைய நாளொன்றில் எட்டு வயது மாணவன் ஒருவன், முழுக்கைச் சட்டையும் காதுவரை இழுத்துவிட்ட தொப்பியுமாக வந்து ஓத அமர்ந்தான். பாடம் கேட்கும்போதுதான் அவன் கழுத்தில் நீர் கோத்த கொப்புளங்களைக் கண்டோம். "ஜுஸ்உ முடியப் போகிறது, விட்டுவிடக் கூடாது என்று அத்தா சொன்னாங்க ஹஜ்ரத்" என்றான்.

உடனே வீட்டுக்கு அனுப்பினோம். ஆயினும் இரண்டு வாரங்களில், அவனோடு ஒரே வரிசையில் ஓதிய ஆறு பிள்ளைகளுக்கு அம்மை கண்டது. அவர்களுள் ஒருவனின் தாயார் நிறைமாதக் கர்ப்பிணி. சிறு வயதில் அம்மை கண்டிராதவர். அவருக்கும் தொற்றியது. பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு வரும் சின்னம்மை பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று மருத்துவர் சொன்னபோது நமக்குக் கை நடுங்கியது. அல்ஹம்துலில்லாஹ், இருவரையும் அல்லாஹ் காத்தான்.

அந்தத் தந்தையை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. வராத பிள்ளையை மறுநாள் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

"அல்லாஹ் நாடினால்தானே தொற்றும்?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்று தடுத்தவர்களும் நபி (ஸல்) அவர்களே. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்த உமர் (ரலி) அவர்கள் தம்முடன் வந்தவர்களோடு திரும்பினார்கள். இது விதியை விட்டு ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, திரும்புவதும் அல்லாஹ்வின் விதிதான் என்பதே அவர்களின் விடையாக இருந்தது. பச்சைப் பூண்டு தின்றவரையே, பிறருக்கு வாடை வீசும் என்பதற்காகப் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று சொன்ன மார்க்கம் இது. அம்மைக் கொப்புளத்தோடு வரும் பிள்ளையைப் பற்றி வேறென்ன சொல்லும்?

சின்னம்மை ஒரு வைரஸ் நோய். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை பரவும். இதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் ஆகும், சிலருக்குக் கூடுதலாகலாம். காய்ச்சல் விட்டதைக் கணக்கில் கொள்ளாமல், பொருக்கைப் பாருங்கள்.

"அம்மைக்கு மருந்து தரக் கூடாது" என்னும் பேச்சு நம் வீடுகளிலும் புகுந்திருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகித் தாயத்துக் கட்டிவிட்டு, மருத்துவரை மறந்துவிடுகிறோம். வேப்பிலை விரிப்பில் பிள்ளையைப் படுக்க வைப்பதில் குற்றமில்லை. அதுவே மருத்துவம் ஆகிவிடாது. தாயத்தைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது பிள்ளைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் கடும் நோய்க்குக் காரணமாகலாம். இபுபுரூஃபெனையும் தவிர்ப்பது நலம். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். சொறிந்தால் புண்ணாகித் தழும்பு நிற்கும். அரிப்புக்குக் கலமைன் தடவலாம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டித் துணியால் ஒற்றி எடுக்கலாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரும்வரை அழுக்கோடு கிடக்க வேண்டியதில்லை. வாய்ப்புண்ணால் உண்ண மறுத்தால் கஞ்சியும் இளநீரும் போதும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடேறுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதற்குத் தடுப்பூசியும் உண்டு. அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் இல்லாததால் பலர் அறிவதில்லை. குழந்தை மருத்துவரிடம் நீங்களே கேட்க வேண்டும்.

தொழும் வயதுப் பிள்ளைகள் ஒளூவைப் பற்றிக் கேட்பார்கள். நீர் ஊறு செய்யாவிட்டால் ஒளூச் செய்யலாம். ஊறு செய்யும் என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் இருக்கிறது. தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டுமெனக் கூறி அவர் இறக்கக் காரணமானவர்களை, அறியாததைக் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டாமா என நபி (ஸல்) அவர்கள் கடிந்தார்கள். அந்தச் செய்தியை மக்தபில் எத்தனையோ முறை பாடமாக நடத்தியவர்கள்தாம் நாம்.

இப்போது நம் மக்தபில் அம்மை கண்ட பிள்ளையின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதுவதில்லை. வீட்டார் தொலைபேசியில் சொன்னால் போதும். அன்றே கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் தகவல் தருகிறோம். விட்டுப்போன பாடத்தை அஸருக்குப் பின் தனியே அமர்ந்து கேட்டுக்கொள்கிறோம். அன்று தொப்பியை இழுத்துவிட்டு வந்த மாணவன், பொருக்கெல்லாம் உலர்ந்து திரும்பிய பத்தாம் நாள் அவ்வாறுதான் தன் ஜுஸ்உவை முடித்தான்.