படித்த ஆள் கிடைக்கவில்லையாம்!

"வேலை இருக்கிறது, செய்யத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை" என்று மில் முதலாளிகள் புலம்புகிறார்கள். காற்றாலைக் கம்பெனிக்காரர்களும் அதையே பாடுகிறார்கள். மந்திரிகளோ மேடைக்கு மேடை "திறன், திறன்" என்று முழங்குகிறார்கள. கேட்டுக் கேட்டு நம் ஜனங்களிலேயே சிலர், "நம்ம பயல்களுக்குத்தான் புத்தி பத்தலையோ?" என்று தலையைச் சொறிகிறார்கள். தோழர்களே, இந்தப் புளுகை முதலில் உடைத்தாக வேண்டும்.

தேனி ஜில்லாவில் என்ன தொழில் இல்லை? 1895-ல் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1958 முதல் அந்தத் தண்ணீர் லோயர் கேம்பில் இயந்திரத்தைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பிறகு கீழே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் வானத்தை அளக்கிற காற்றாலைகள். தேனியைச் சுற்றி நூல் மில்கள். ஏலக்காய் வியாபாரத்துக்குப் போடி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் போடிக்கு அகல ரயிலும் வந்து சேர்ந்தது.

இத்தனையும் கையால் மட்டும் நடக்கிற வேலை அல்ல. டர்பைனைப் பார்க்க ஆள் வேண்டும். காற்றாலை உச்சிக்கு ஏறிப் பழுது பார்க்க ஆள் வேண்டும். மில்லுக்குப் பிட்டரும் எலக்ட்ரீஷியனும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் திராட்சை வைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் மெக்கானிக்கும் வேண்டும். இந்த வேலைகள் சென்னையில் இல்லை. நம் வாசலில் இருக்கின்றன. நம் பிள்ளை அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சர்க்கார் ஒதுக்கீட்டு இடத்துக்கே வருஷத்துக்கு 50,000 ரூபாய், நிர்வாக இடத்துக்கு 85,000 ரூபாய் என்று 2017-ல் கமிட்டி நிர்ணயித்தது. பஸ், விடுதி, புத்தகம், "இதர" என்கிற பெயரில் பிடுங்குவதெல்லாம் தனி. 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கொடுத்து, ஒரு பைசா குறையாமல் கூலியும் கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம் (கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்!). மொத்தம் 33,600 ரூபாய். ஒரு வருஷ உழைப்பை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும், குறைந்த சம்பளக் கணக்கிலேயே இன்னும் 16,400 ரூபாய் துண்டு விழுகிறது. சோறு யார் போடுவது? விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு, கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏறி இடுக்கி ஏலத் தோட்டத்துக்குப் போகிற தாயிடம் "உன் பிள்ளைக்குத் திறன் இல்லை" என்று சொல்ல எந்த மந்திரிக்கு வாய் வரும்?

கல்வி கடைச்சரக்கானது எப்படி? 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்து விட்டார்கள். காய்ச்சிய பாலைப் பூனையிடம் காவலுக்கு வைத்த கதைதான். 1992-ல் நன்கொடை வசூலைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. வசூல் ரசீது இல்லாமல் நடக்கிறது.

இன்னொரு குரலும் கேட்கிறது. பண்ணையார்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் குரல்: "எல்லாப் பயலும் காலேஜுக்குப் போய்விட்டால் வயலில் யார் இறங்குவது?" இது புதிய குரல் அல்ல. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று காறித் துப்பி, 1954-ல் தமிழ் மக்கள் அதைக் குழியில் போட்டார்கள். அன்று நேரத்தைக் குறைத்துச் செய்யப் பார்த்த காரியத்தை இன்று சம்பளத்தை உயர்த்திச் செய்கிறார்கள். மற்றபடி வித்தியாசம் ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

உள்ளூரில் கல்லூரி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கே சாட்சி. 1956-ல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியைத் தொடங்கினார். மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைக்க வக்கில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பட்டம் வாங்க வழி பிறந்தது. தனி மனிதர் ஒருவரால் அன்று முடிந்தது. கஜானாவைக் கையில் வைத்திருக்கிற சர்க்கார் போடிக்கு ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியைக் கொண்டுவர 2012 வரை ஆனது.

சர்க்கார் எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் 2021-ல் கிடைத்தது. அவர்கள் சம்பளத்தையும் சர்க்கார் கட்டுகிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த 7.5-க்கு வெளியே நிற்கிற பிள்ளை எங்கே போவான்? சர்க்கார் பணம் சுயநிதி முதலாளியின் பெட்டிக்கே போய்ச் சேருவது என்ன நியாயம்? அந்தப் பணத்தில் சர்க்காரே கல்லூரி நடத்தட்டும் என்கிறோம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் என்று 2022-ல் அறிவித்தார்கள். புது இயந்திரம் வரட்டும். சொல்லிக் கொடுக்க நிரந்தர ஆசிரியர் வேண்டாமா? அரசுக் கலைக் கல்லூரிகளில் "கௌரவ" விரிவுரையாளர் என்று ஒரு ஜாதியையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பெயரில் கௌரவம்; சம்பளத்திலும் வேலை உறுதியிலும் அது கிடையாது.

இனி "ஆள் இல்லை" என்கிற பேச்சுக்கு வருவோம். மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகக் கம்பம் ஏறி, உயிரைப் பணயம் வைத்து வேலை செய்துகொண்டே நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். இவர்கள் ஆள் இல்லையா? நூல் மில்களில் "பயிற்சியாளர்" என்று பெயர் சூட்டி, பழகி முடித்த பின்னும் பயிற்சிக் கூலியே கொடுக்கிறார்கள். "சுமங்கலித் திட்டம்" என்று மங்கலமான பெயர் வைத்து, ஏழைக் குமரிப் பெண்களை மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருவோம் என்றார்களே, அந்தப் பெண்கள் ஆள் இல்லையா? முதலாளி தேடுவது படித்த ஆளை அல்ல. படித்திருந்தும் படிக்காதவன் கூலிக்கு வருகிற ஆளை. அப்படிப்பட்டவன் கிடைக்காதபோதுதான் இந்தப் புலம்பல்.

ஆகவே நாம் கேட்பது வெறும் கட்டடம் அல்ல. பள்ளத்தாக்கின் தொழில்களுக்கேற்ற பாடங்கள் வேண்டும்: நீர் மின்சாரம், காற்றாலை, நூல் இயந்திரம், குளிர்பதனம். கோவையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பொறியியல் படிக்க வழி இருக்கிறது. அதே வழி போடியில் மில் தொழிலாளிக்கும் வேண்டும், ஷிப்டுக்கு ஏற்ற நேரத்தில். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பெண்களுக்குச் சர்க்கார் விடுதி வேண்டும். படித்து வெளியே வருகிறவனை இங்குள்ள மில்லும் மின்வாரியமும் காற்றாலைக் கம்பெனியும் நிரந்தர வேலையில், முழுச் சம்பளத்தில் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்துவிட்டுக் கூலிக்குப் போகும் வாலிபர்களையும் பெண்களையும் வீடு வீடாகக் கணக்கெடுக்கட்டும். என்ன படிக்க ஆசைப்பட்டார்கள், எத்தனை ரூபாயில் தடைபட்டது என்று எழுதி வாங்குங்கள். மில் வாசலிலும் ஜீப் நிற்கும் இடத்திலும் கையெழுத்துச் சேருங்கள். அந்தக் கட்டுடன் ஊர்வலமாகப் போய்க் கலெக்டர் மேஜை மேல் வைத்துவிட்டு, "ஆள் இல்லை என்றீர்களே, இதோ பட்டியல்" என்று சொல்வோம்.