மிதிவண்டியில் யந்திரம்: வேகத்திற்கு எல்லை எது?

அண்மையில் நான் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் ஒரே மாதிரியான கடன் மனுக்களைக் காண்கிறேன். "மிதிவண்டியில் யந்திரம் பொருத்திக்கொள்ள" என்று அவற்றில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. நூல் சிப்பம் பெற்றுவரச் செல்லும் நெசவாளரும், விடியுமுன் காய்கறியைச் சந்தை சேர்க்கவேண்டிய விவசாயியும் கால்வலி குறைய விரும்புவது நியாயமே. அதை நான் குறைகூற வரவில்லை. ஆனால் மனுதாரரிடம் யந்திரத்தைப் பற்றி வினவினால், "மணிக்கு 45 கிலோமீட்டர் போகும்" என்ற விடையே கிடைக்கிறது. எத்தனை மீட்டரில் நிற்கும் என்று சொல்வார் எவருமில்லை.

சுமையுடன் மிதிப்பவர் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் செல்கிறார். நம் மிதிவண்டியின் சட்டமும், முன் போர்க்கும், ரப்பர்க்கட்டைப் பிரேக்கும் மனிதனின் கால் தரும் வேகத்திற்கென அமைந்தவை. 45 கிலோமீட்டர் என்பது மும்மடங்கு வேகம். ஆனால் பிரேக் அடக்கவேண்டிய சக்தியோ ஒன்பது மடங்கு. அபாயத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி கழிகிறது. அந்த ஒரு விநாடியில் முதல் வண்டி 4 மீட்டர் நகரும். இரண்டாவது 12 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடும். மழையில் நனைந்த இரும்பு விளிம்பை ரப்பர்க்கட்டை எவ்வளவு பற்றும் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆகவே, உச்ச வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது யந்திரம் அன்று, பிரேக்கே.

என் சரகத்தில் ஒரு நெசவாளர் சேலைக் கட்டுடன் சங்கத்திற்கு வரும் வழியில் விழுந்தார். பின் பல்சக்கரத்தை ஆரக்கம்பிகளின் மீது வைத்து முடுக்கியிருந்தார்கள். கம்பிகள் சில அறுந்தன, சக்கரம் பூட்டிக்கொண்டது. மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் தறி ஓடவில்லை. கடன் தவணையை ஜாமீன்தாரர் கட்டினார். யந்திரத்திற்கு மட்டும் ஒரு பழுதும் இல்லை! பழுது, பொருத்திய முறையில் இருந்தது.

பொருத்தும் முறையில் கவனிக்கவேண்டியவை சிலவே. யந்திரத்தின் பிடிகள் இரண்டும் குழாயின்மீது முழுமையாகப் படியவேண்டும். பிடி சேரவில்லையென்று குழாயில் துளையிடுவது சட்டத்தையே பலவீனமாக்கும். பல்சக்கரத்தை ஆரக்கம்பியில் அன்றி, சக்கரத்தின் குடத்தில் இணைத்தல் நலம். செயினை இறுக்கும் உருளை நழுவிச் சக்கரத்தினுள் புகாவண்ணம் உறுதியாக நிற்கவேண்டும். அதிர்ச்சியால் நட்டுகள் தளரும். ஆதலால் லாக் நட் இட்டு, முதல் நாள் ஓட்டத்திற்குப் பின்னும், பிறகு வாரந்தோறும் முடுக்கவேண்டும். குடத்தினுள் மின்மோட்டார் உள்ள வண்டியில், அச்சு சுழன்று கழலாதபடி தடுப்புத் தகடு அவசியம்.

சட்டத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 25 சி.சி.க்கு மேற்பட்ட யந்திரத்தைப் பொருத்தினால் மிதிவண்டியும் மோட்டார் வாகனமே. பின்னர் பதிவு, ஓட்டுநர் உரிமம், இன்ஷ்யூரன்ஸ் யாவும் வேண்டும். இவையின்றி ஓட்டி ஒருவர்மீது மோதினால், நஷ்டஈட்டுச் சுமை அங்கத்தினரின் தலையில் விழும். மின்வண்டிக்கு விலக்குக் கிடைக்க, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருத்தல் முக்கிய நிபந்தனைகள். சட்டம் வகுத்த அந்த 25 கிலோமீட்டரையே எல்லா யந்திர மிதிவண்டிகளுக்கும் எல்லையாகக் கொள்வது விவேகம். அதற்கு மேல் வேகமும் சுமையும் வேண்டுவோர், 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்று, சட்டமும் பிரேக்கும் யந்திரத்திற்கெனவே அமைந்த மொபெட் வாங்கக் கடன் கோரட்டும்.

"என் வண்டி, என் வேகம், சங்கத்திற்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். பின் இருக்கையில் உள்ள நூல் சங்கத்தினுடையது. கடன் அனைவருடைய பணம். கையொப்பமிட்ட ஜாமீன்தாரர் பக்கத்து வீட்டுக்காரர். ஒருவர் விழுந்தால் மூவர் நிலைகுலைகிறோம். ஆகவே நிர்வாகக் குழுவினர் ஒரு தீர்மானம் செய்யவேண்டுகிறேன்: கடனில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, யந்திரம் பொருத்திய முறையையும் பிரேக்கையும் தகுதியுள்ள மெக்கானிக் ஒருவர் சோதித்துச் சான்று அளித்த பின்னரே அதை வழங்குக. சோதனைக் கூலியைச் சங்கம் ஏற்பதும் தகும். ஒரு தறி ஆறு வாரம் ஓயும் நஷ்டத்தைவிட அக்கூலி மிகச் சிறிது.