தேடவில்லை என்றால் தெரியாதா?

எட்டு மாதம் வரை, கண்ணில் படாத பொருள் குழந்தைக்கு இல்லவே இல்லை என்கிறார்கள். ஆதாரம், பொம்மையைத் துணியால் மூடினால் குழந்தை தேடுவதில்லை என்ற உளவியலாளர் பியாஜேயின் கவனிப்பு. கவனிப்பு சரி, முடிவு தவறு. துணியை விலக்கிப் பிறகு பொம்மையை எடுப்பது ஐந்து மாதப் பிள்ளைக்குப் பெரும்பாடு. 1985இல் பெய்லர்ஜன், ஸ்பெல்கி, வாசர்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கவனித்தார்கள். சுழலும் பலகையின் பின்னால் பெட்டி மறைந்திருக்க, பலகை அதை ஊடுருவியதுபோல் முழுவதும் சாய்ந்தது. பெட்டியில் தடுபட்டு நிற்கும் பலகையைவிட அதையே குழந்தைகள் நெடுநேரம் பார்த்தன. முழுவதும் சாய்வது முன்பே காட்டிப் பழகிய அசைவு என்பதால் பார்த்திருக்கலாம் என்ற மறுப்பை மதிக்கிறேன். ஆனால் பெட்டி தடையாக இல்லாதபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டதே! விளக்கை அணைத்தாலும், பொருள் இருந்த இடம் நோக்கி ஐந்து மாதக் குழந்தை கை நீட்டுகிறது. இல்லாத பொருளுக்கா நீட்டுகிறது?