கதை கேட்காத பிள்ளை

ராத்திரிச் சாப்பாடு முடிந்து, சமையலறையை அலம்பி விட்டு, 'அப்பாடா' என்று உட்காருகிறீர்கள். குழந்தை ஓடி வந்து மடியில் தலையை வைத்துக் கொண்டு, "அம்மா, ஒரு கதை சொல்லேன்" என்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? மனசு நன்றாக இருந்தால் ராஜகுமாரன் கதை சொல்வீர்கள். களைப்பாக இருந்தால், "ஒரு ஊரிலே ஒரு நரி, அதோடே சரி" என்று முடித்து விடுவீர்கள். ஆனால், "கதை சொல்வது பாவம், கேட்பதும் பாவம்" என்று எந்தத் தாயாவது சொல்வாளா?

சொல்லியிருக்கிறாள், சகோதரிகளே! அவள் கெட்டவளும் அல்ல; படிக்காதவளும் அல்ல. லண்டனில் பிறந்தவள். லத்தீனும் கிரேக்கமும் கற்றவள். கவிதை எழுதியவள். நாற்பத்திரண்டாம் வயதில் கல்யாணம் செய்து கொண்டு, 1849-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரே ஒரு பிள்ளையைப் பெற்றவள். அந்தப் பிள்ளையை உயிராக நேசித்தவள். எமிலி காஸ் என்பது அந்த அம்மாளின் பெயர். பிள்ளையின் பெயர் எட்மண்ட்.

எமிலி அம்மாளும் அவள் கணவர் பிலிப் ஹென்றி காஸும் 'பிளிமத் சகோதரர்' என்ற சபையைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்தவர்களிலேயே மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள கூட்டம் அது. அவர்களுக்குக் குருமார் கிடையாது. வேதப் புத்தகத்தில் உள்ளது ஒவ்வோர் எழுத்தும் சத்தியம். கிறிஸ்து மறுபடியும் எந்த நிமிஷத்திலும் வந்து விடுவார் என்ற எதிர்பார்ப்பிலேயே காலம் போகும். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே அவனைத் தேவ ஊழியத்துக்கு என்று பெற்றோர் நேர்ந்து விட்டார்கள்.

எமிலி அம்மாளுக்குக் கதை மேல் ஏன் இத்தனை கோபம்? இதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. சின்னஞ் சிறுமியாக இருந்தபோது அவளுக்குக் கதை கட்டுவதுதான் உலகத்திலேயே பெரிய சந்தோஷம். தம்பிமாரை உட்கார வைத்துக் கொண்டு புதிது புதிதாகச் சொல்வாளாம். அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வந்த ஆசிரியை ஒருத்தி இதைக் கண்டுபிடித்து, 'நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய். பொய் பாவம்' என்று கண்டித்து விட்டாள். குழந்தை பயந்து போய் நிறுத்தி விட்டது. ஆனால் ஆசை நின்றதா? இருபத்தொன்பதாம் வயதில் அந்த அம்மாள் தன் டைரியில் எழுதுகிறாள்: எவ்வளவு பிரார்த்தனை செய்தும், எவ்வளவு காவல் காத்தும், கதை கட்டும் ஆசைதான் இன்னமும் தன்னை விடாமல் இழுக்கிற பாவம் என்று.

பாருங்கள், ஒரு வாத்தியாரம்மாள் என்றோ சொன்ன வார்த்தை! அது ஒரு பெண்ணின் வாயை அடைத்தது. பிறகு அவள் பிள்ளையின் காதையும் அடைத்தது.

பாட்டி வடை சுட்ட கதையையும், தெனாலிராமனையும், விக்கிரமாதித்தனையும் பேருக்குக் கூடக் கேள்விப்படாமல் நம் வீட்டில் ஒரு குழந்தை வளர்வதாக வைத்துக் கொள்ளுங்கள். எட்மண்ட் அப்படித்தான் வளர்ந்தான். தேவதைக் கதை தெரியாது. பாதிரிமார் கடல் கடந்து போன விருத்தாந்தம் தெரியும். கடற்கொள்ளைக்காரன் என்று ஒருவன் உண்டு என்பது தெரியாது. விளையாடக் கூட்டாளிகளும் இல்லை.

ஆனால் குழந்தையின் மூளைக்குப் பூட்டுப் போட யாரால் முடியும்? ஆறு வயதில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. 'மரத்தையும் கல்லையும் கும்பிட்டால் ஆண்டவன் கோபிப்பார்' என்று அப்பா சொல்கிறாரே, கோபித்தால் என்ன ஆகும்? ஒரு நாள் பெற்றோர் இல்லாத சமயம் பார்த்து, ஒரு நாற்காலியை மேஜை மேல் ஏற்றி வைத்து, அதன் முன் மண்டியிட்டு, "ஓ நாற்காலியே!" என்று பிரார்த்தனை செய்தான். நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்ளக் காத்திருந்தான். இடி விழவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் அன்று ஒரு கீறல் விழுந்தது.

இன்னொரு நாள், பரணில் கிடந்த ஒரு பழைய பெட்டியைத் திறந்தான். பெட்டியின் உட்புறத்தில் யாரோ அச்சுக் காகிதங்களை ஒட்டியிருந்தார்கள். அவை ஒரு மர்ம நாவலின் பக்கங்கள்! வெறும் தரையில் மண்டியிட்டு அதை மூச்சு விடாமல் படித்தான். பெரிய இடத்துச் சீமாட்டி ஒருத்தியைத் துஷ்டர்கள் துரத்துகிறார்கள். நல்ல கட்டத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே காகிதம் முடிந்து விட்டது. தொடர்கதையில் 'தொடரும்' என்று பார்த்து அடுத்த வாரம் வரை தவிக்கிற உங்களுக்கு அவன் அவஸ்தை புரியும். உங்களுக்காவது அடுத்த இதழ் உண்டு! அதைவிடப் பரிதாபம் என்னவென்றால், கதை என்று ஒரு வஸ்து உலகில் இருப்பதே அவனுக்குத் தெரியாதல்லவா? எல்லாம் நிஜம் என்றே நம்பி விட்டான். வெளியே போயிருக்கும் அம்மாவையும் அந்தத் துஷ்டர்கள் துரத்துவார்களோ என்று நடுங்கினான்.

1857-ஆம் வருஷம் பிப்ரவரியில் எமிலி அம்மாள் மார்புப் புற்று நோயினால் காலமானாள். அப்போது பிள்ளைக்கு ஏழு வயது. தகப்பனார் அவனை அழைத்துக் கொண்டு டெவன்ஷயர் கடற்கரைக்குக் குடி போனார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ஒரு காரியம் நடந்தது. பண்டிகை கொண்டாடுவது விக்கிரக ஆராதனைக்குச் சமம் என்பது தகப்பனாரின் கொள்கை. இருந்தாலும் வீட்டு வேலைக்காரிகள் மனசு கேளாமல், திராட்சைப் பழம் போட்ட 'பிளம் புட்டிங்' சின்னதாக ஒன்று செய்து, தாயில்லாப் பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்ற பிறகு அவனுக்கு வயிறும் வலித்தது, மனசாட்சியும் வலித்தது. அப்பாவிடம் ஓடிப் போய், விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்று விட்டதாக அழுதான். அவர் மீதியிருந்ததைத் தூக்கிக் கொண்டு போய்க் குப்பை மேட்டில் எறிந்தார்.

'இப்படியும் ஒரு தகப்பனா!' என்று நீங்கள் கன்னத்தில் கை வைத்துக் கொள்வது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். இந்தத் தகப்பனார் சாமானிய மனிதர் அல்ல. நம் வீட்டுக் கூடங்களில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறோமே, அந்தப் பழக்கத்தை இங்கிலாந்து முழுவதும் பரப்பியவர்களில் முக்கியமானவர் அவர். 'அக்வேரியம்' என்ற சொல்லை மக்கள் வாயில் புழங்க வைத்தது 1854-இல் வெளியான அவருடைய புத்தகம்தான். கடல் பிராணிகளைக் கண்டு எழுதுவதில் அவர் பெரிய நிபுணர். மார்பளவு தண்ணீரில் நின்று பாறை இடுக்குகளைத் துழாவுவார். பிள்ளையும் கூடவே நிற்பான்.

எட்மண்ட் பிற்காலத்தில் மறக்கவே மறக்காத சந்தோஷம் அது ஒன்றுதான். உற்றுப் பார்க்கக் கற்றுக் கொண்டான். 1859-ஆம் வருஷம் ஜூன் மாதம், பத்து வயது கூட நிரம்பாத அந்தப் பையன் ஆடிகோம்ப் கடற்கரையில் பூப் போல விரிகிற ஒரு கடற்சாமந்தியைக் கண்டெடுத்தான். இங்கிலாந்தில் அதுவரை யாரும் கண்டறியாத இனம் அது!

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அப்பா எழுதுகிற சாஸ்திரப் புத்தகங்களைப் போலத் தானும் படம் வரைந்து எழுதுவான். ஆனால் அவன் வரைந்த பிராணிகள் எந்தக் கடலிலும் கிடையாது. நீலப் புள்ளி, சிவப்பு விரல், மஞ்சள் பட்டை என்று தானாகவே கற்பனை செய்தவை. அப்பா திகைத்துப் போவார். கதையை வாசல் வழியாக வர விடாமல் தடுத்தார்கள். அது கொல்லைப் பக்கமாக, கடல் பிராணி வேஷத்தில் வந்து சேர்ந்து விட்டது! எமிலி அம்மாள் தனக்குள்ளே அடக்கி வைத்த அதே ஆசைதான் அது. தாயின் சொத்துப் பிள்ளைக்கு வராமல் போகுமா?

வீட்டுக்கு ஒரு சிற்றன்னை வந்தாள். சிற்றன்னை என்றதும் கைகேயியை நினைத்துக் கொள்ளாதீர்கள். எலிஸா அம்மாள் நல்லவள், கவிதைப் பிரியை. அவள் வந்த பிறகு ஜன்னல் கொஞ்சம் திறந்தது. ஸ்காட்டின் நாவல்கள் கூடாது என்று சொன்ன தகப்பனார், டிக்கன்ஸ் படிக்கலாம் என்று அனுமதித்தார். 'பிக்விக்' கையில் கிடைத்த அன்று பையன் வாய் விட்டுச் சிரித்த சிரிப்பு அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத சத்தமாக இருந்திருக்கும்.

1867-இல், பதினேழு வயதில், லண்டன் பிரிட்டிஷ் மியூஸியம் நூலகத்தில் எட்மண்டுக்கு உத்தியோகம் கிடைத்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் தகப்பனாரிடமிருந்து வரும். ஜபம் செய்தாயா? வேதம் வாசித்தாயா? யாரோடு பழகுகிறாய்? பிள்ளைக்கு அப்பா மேல் அன்பு குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் தபால்காரனைக் கண்டாலே வயிற்றைக் கலக்கியது. 'நம்புகிறேன்' என்று எழுதினால் பொய். 'நம்பவில்லை' என்று எழுதினால் ஒரு கிழவரின் நெஞ்சு உடைந்து விடும். சில வருஷம் இப்படித் தவித்த பிறகு, இருபத்தோராம் வயதை ஒட்டி, தன் மனசைத் தானே அமைத்துக் கொள்வது என்று தீர்மானித்து விலகினார். வீட்டை விட்டு ஓடவில்லை, அப்பாவைத் திட்டவில்லை. ஆனால் இருவருக்கும் வலித்தது.

விலகினவர் என்ன செய்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். வெறுப்பை வளர்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கலாம். குடித்துச் சீரழிந்திருக்கலாம். அவரோ, பாறை இடுக்கைத் துழாவினது போலவே உலகத்துப் புத்தகங்களைத் துழாவ ஆரம்பித்தார். 1871-இல் நார்வேக்குப் போனவர், ஒரு புத்தகக் கடையில் நுழைந்து, 'உங்கள் நாட்டில் கவிஞர்கள் உண்டா?' என்று விசாரித்தார். கடைக்காரர் இப்ஸன் என்பவரின் கவிதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மொழி தெரியாவிட்டால் என்ன? கற்றுக் கொண்டால் போகிறது! மறு வருஷமே இப்ஸனைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் எழுதி விட்டார். இப்ஸனை இங்கிலாந்துக்கு அறிமுகம் செய்து வைத்த புண்ணியம் அவருக்குச் சேர்ந்தது.

1875-இல் எல்லன் என்ற ஓவியக்காரியை மணந்தார். மூன்று குழந்தைகள். மகள் ஸில்வியா ஓவியக்காரியானாள். மகன் பிலிப் டாக்டருக்குப் படித்தவர். ஆனால் எதைப் பற்றிப் புத்தகம் எழுதினார் தெரியுமோ? கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றி! தகப்பன் சிறு வயதில் பேரைக் கூடக் கேட்காதவர்களின் முழுச் சரித்திரத்தையும் பிள்ளை 1932-இல் எழுதி முடித்தார்.

நம் தேசத்துப் பெண்மணிகள் இருவர் இந்தக் கதையில் வருகிறார்கள். 1876-இல் ஒரு நாள் எட்மண்ட் ஒரு பத்திரிகாலயத்தில் இருந்தபோது, இந்தியத் தபால் முத்திரையோடு ஒரு மெலிந்த புத்தகம் வந்தது. மட்டமான காகிதம், அச்சும் சுமார். வேண்டா வெறுப்பாகப் பிரித்தவர் அசந்து போனார். எழுதியவள் கல்கத்தாவைச் சேர்ந்த தோரு தத். மறு வருஷமே, இருபத்தோரு வயதில், அந்தப் பெண் இறந்து போனாள். அவளுடைய கடைசிக் கவிதைகள் 1882-இல் புத்தகமானபோது எட்மண்ட்தான் முன்னுரை எழுதினார். சாவித்திரி, துருவன், பிரகலாதன் எல்லோரும் அதில் வருகிறார்கள். சீதையைப் பற்றியும் ஒரு கவிதை உண்டு. இருட்டறையில் மூன்று குழந்தைகள் அம்மா சொல்லும் சீதையின் கதையைக் கேட்டுக் கொண்டிருக்கும் காட்சி! அம்மா வாயால் ஒரு கதையும் கேட்டிராத மனிதர் அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

இன்னொருவர் நம் சரோஜினி தேவி. பன்னிரண்டு வயதில் சென்னை மெட்ரிகுலேஷன் தேறி, பதினாறாம் வயதில் இங்கிலாந்து போன பெண். அவர் காட்டிய கவிதைகளில் ஆங்கில நாட்டுக் குருவிகளே பாடின. 'இவற்றையெல்லாம் குப்பைக் கூடையில் போடு, அம்மா. உன் நாட்டு மலையையும் கோவிலையும் மக்களையும் எழுது' என்ற பொருளில் எட்மண்ட் புத்தி சொன்னார். சரோஜினி கேட்டுக் கொண்டார். 1905-இல் வந்த தம் முதல் புத்தகத்தை அவருக்கே சமர்ப்பித்தார்.

தகப்பனார் காலமாகிப் பத்தொன்பது வருஷம் ஆன பிறகு, 1907-இல், எட்மண்ட் தம் பிள்ளைப் பருவத்தை 'தந்தையும் மகனும்' என்ற புத்தகமாக எழுதினார். முதலில் பெயர் போடாமலே வெளியிட்டார். அதில் அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாகவே கடுமையானவராகக் காட்டி விட்டார் என்று பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், பிள்ளைகளின் ஞாபகத்தில் நம் அதட்டல்தானே உரக்கக் கேட்கிறது!

ஒன்று நிச்சயம். எட்மண்ட் சபையை விட்டு வந்தார். அப்பா கொடுத்த கண்ணை விட்டு வரவில்லை, அம்மாவிடமிருந்து வந்த கற்பனையையும் விட்டு வரவில்லை. பக்தி மேல் அவருக்கோ எனக்கோ வழக்கு இல்லை. பயத்தைப் பக்தி என்று சொல்லிக் குழந்தையின் கேள்வியை அடக்குவதன் மேல்தான் வழக்கு. நம் வீடுகளில் கதைக்குத் தடை இல்லை, வாஸ்தவம். 'பெண் பிள்ளைக்கு எதற்கு இது', 'பரீட்சைக்கு உதவாத படிப்பு எதற்கு' என்ற தடைகள் இல்லையா?

எமிலி அம்மாளை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. எத்தனை கதைகள் அந்த அம்மாளோடு போயினவோ! உங்கள் பெண் நாளைக்கு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்குக்குப் பதிலாக எதையாவது கிறுக்கி வைத்திருந்தால், அதட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். இன்று ராத்திரி குழந்தை கதை கேட்டு வந்தால், நரியை அதோடே சரி என்று விட்டு விடாமல் காட்டுக்குள் இன்னும் கொஞ்ச தூரம் நடக்க விடுங்களேன்!