விலையைப் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள்

ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஹெட்போன் வாங்கினால் அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும், அதாவது ஆம்ப்புக்கும், லட்ச ரூபாயாவது எடுத்துவைக்க வேண்டும் என்றொரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. விற்பவர்கள் சொல்கிறார்கள், யூடியூபில் விமர்சிப்பவர்கள் சொல்கிறார்கள், ஏற்கெனவே அப்படிச் செலவழித்துவிட்ட நண்பர்கள் இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்து நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிய இளைஞர்கள் இதை நம்பி கிரெடிட் கார்டைத் தேய்ப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொருத்தம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முதலில் தேவை இரண்டே எண்கள். பெட்டியிலோ கையேட்டிலோ அவை அச்சாகியிருக்கும்: இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு), சென்சிட்டிவிட்டி (கொடுத்த மின்சாரத்துக்கு எழும் சத்தம்). முதலாவது ஓமில், இரண்டாவது டெசிபலில்.

உச்ச விலையில் இருக்கும் இரண்டு ஹெட்போன்களையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் சேந்த் எத்தியென் நகரத்து ஃபோக்கல் நிறுவனம் 2016-இல் யுடோப்பியாவைக் கொண்டுவந்தது. அறிமுக விலை ஏறக்குறைய 4,000 டாலர். அடுத்த ஆண்டு ஹைஃபைமேன் நிறுவனத்தின் சுஸ்வரா வந்தது, 6,000 டாலர். யுடோப்பியாவுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 104 டெசிபல் சத்தம் வரும். சுஸ்வராவுக்கு அதே 1 மில்லிவாட்டில் வருவது 83. இடைவெளி 21 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் மின்திறன் பத்து மடங்கு ஏறும் என்பதால், ஒரே அளவு சத்தம் எழுப்ப யுடோப்பியாவைப்போல் சுமார் 125 மடங்கு மின்திறன் சுஸ்வராவுக்கு வேண்டும்.

110 டெசிபல் உச்சத்தைத் தொட யுடோப்பியாவுக்கு 4 மில்லிவாட் போதும். அதன் 80 ஓமுக்குக் கணக்கிட்டால் அரை வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். போனில் செருக ஆப்பிள் விற்கும் சின்ன டாங்கிள்கூட, ஐரோப்பாவுக்கான மாடலை விட்டுவிட்டால், 1 வோல்ட் வரை தருகிறது. 60 ஓம் சுஸ்வராவுக்கோ 500 மில்லிவாட், அதாவது ஐந்தரை வோல்ட்டும் 90 மில்லி ஆம்பியரும் வேண்டும். அதே டாங்கிளில் செருகினால் 95 டெசிபலோடு நின்றுவிடும்.

95 போதாதா, எதற்கு 110 என்று கேட்கலாம். நான் கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள். தம்புராவோடு ஒட்டி மெல்ல விரியும் ஆலாபனை ஒரு மட்டத்தில் இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை வந்து விழும் இடம் வேறொரு மட்டத்தில் இருக்கும். நாகஸ்வரப் பதிவென்றால், விரல்களில் கூடு மாட்டிய கை தவிலில் இறங்கும் அந்தக் கணம், சராசரிச் சத்தத்துக்கு இருபது இருபத்தைந்து டெசிபல் மேலே எகிறும். சராசரியாக 75, 80-இல் கேட்பவருக்கும் அந்தக் கண நேர உச்சங்கள் 100-ஐத் தாண்டக்கூடும். அதற்கு இடம் கொடுக்காத ஆம்ப் அடியின் கூர்முனையை வெட்டிவிடுகிறது. சத்தம் போதுமானதாகவே தோன்றும். தவில் மட்டும் பஞ்சு வைத்து அடித்ததுபோல இருக்கும். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அமுக்கி வெளியிடும் இன்றைய திரைப்பாடல்களில் இந்தக் குறை காதில் படவே படாது.

சுஸ்வராவுக்கு ஏன் இவ்வளவு பசி? வழக்கமான டைனமிக் ஹெட்போனில் நீளக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வலுவான காந்தத்தின் மிகக் குறுகிய இடுக்கில் வைத்திருப்பார்கள். பிளேனார் வகையான சுஸ்வராவில் சுருள் கிடையாது. மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடம் ஓடுகிறது. இரு பக்கமும் காந்தங்கள் சற்றுத் தள்ளி நிற்கின்றன. படலம் முழுதும் ஒரே சீராக அசைவதால் கிடைக்கும் தெளிவு அபாரமானது. ஆனால் தடம் குட்டை, காந்தப்புலமும் சுருள் இடுக்கின் அளவுக்கு அடர்த்தியில்லை. ஆகவே மின்னோட்டத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. எல்லா பிளேனார்களும் இப்படி இல்லை, போனிலேயே பாடுபவையும் உண்டு. சுஸ்வராவும் அதே நிறுவனம் அதற்கு முன் கொண்டுவந்த எச்.இ.-6-உம் இந்த வகையில் தனி ரகம். எச்.இ.-6 வைத்திருந்தவர்கள் அதை ஸ்பீக்கர் ஆம்ப்பின் முனைகளிலேயே இணைத்துக் கேட்டார்கள். அதற்கென ஓர் அடாப்டர் பெட்டியை நிறுவனமே விற்றது.

இன்னொரு தவறான எண்ணமும் இங்கே அடிபட்டுப் போக வேண்டும்: ஓம் கூடினால் இயக்கக் கடினம் என்பது. சென்ஹைசர் எச்.டி. 600, 1997-இல் வந்தது. அயர்லாந்தின் டல்லமோர் ஆலையில் உருவான இந்த ஹெட்போனை நான் இன்றும் மனம் நிறைந்து சிபாரிசு செய்கிறேன். மனிதக் குரலை இதைப்போல இயல்பாகத் தரும் கருவி அதன் விலையில் குறைவு. 300 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். 110-ஐத் தொட 20 மில்லிவாட், இரண்டரை வோல்ட், 8 மில்லி ஆம்பியர். சுஸ்வராவின் 90 மில்லி ஆம்பியரோடு இந்த 8-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ட் என்பது மேல்நிலைத் தொட்டியின் உயரம், ஆம்பியர் என்பது குழாயில் வரும் நீரின் அளவு. எச்.டி. 600-க்கு உயரமான தொட்டியும் மெல்லிய குழாயும் போதும். சுஸ்வராவுக்கு இரண்டுமே பெரிதாக வேண்டும். ஒன்றை அழகாக இயக்கும் ஆம்ப் மற்றொன்றிடம் திணறுவதற்கு இதுதான் காரணம்.

எண்களைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்சிட்டிவிட்டியைச் சிலர் 1 மில்லிவாட்டுக்குக் குறிப்பார்கள், சிலர் 1 வோல்ட்டுக்கு. சென்ஹைசரின் எச்.டி. 650-க்கு 103 என்று போட்டிருப்பது 1 வோல்ட்டுக்கு. மில்லிவாட் கணக்குக்கு மாற்றினால் அது 98-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அலகைப் பார்க்காமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடுவது வீண்.

வோல்ட்டும் ஆம்பியரும் சரியாக அமைந்த பிறகு, ஒலியின் குணத்தையே மாற்றக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது: ஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ். விளம்பரங்களில் பெரும்பாலும் இதைப் போடுவதே இல்லை. 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் எச்.டி. 600 எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓமாக இருப்பதில்லை; 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓமுக்கு ஏறுகிறது. ஆம்ப்பின் வெளியீடு 1 ஓமாக இருந்தால் இந்த ஏற்றத்தால் எந்த விளைவும் இல்லை. 120 ஓமாக இருந்தால், மற்ற இடங்களில் ஆம்ப்புக்குள்ளேயே மூன்று டெசிபல் போய்விடும். 100 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டுதான் போகும். விளைவு, கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு டெசிபல் மேடு. பேஸ் கிட்டாரின் திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே கீழே ஓடிக்கொண்டிருக்குமே, அது அப்போது ஓரடி முன்னால் வந்து நின்றதுபோலக் கேட்கும்.

வால்வு ஆம்ப்பில் எச்.டி. 600 உருகுகிறது, குழைகிறது என்று ரசிகர்கள் வர்ணிப்பதில் பெரும்பங்கு இந்த மேடுதான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களுக்கு, உதாரணமாக வாங்குபவரே சால்டர் செய்து கோத்துக்கொள்ளும் பாட்டில்ஹெட் கிராக்குக்கு, வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓமைத் தாண்டும். இவை வோல்ட்டைத் தாராளமாகத் தரும், ஆம்பியரைத் தரா. எச்.டி. 600-உம் கிராக்கும் சேர்ந்து ஒலிப்பது எனக்கும் மிகப் பிடிக்கும். அந்த இன்பம் பொய்யில்லை, காரணம் மந்திரமில்லை என்பது மட்டுமே என் கட்சி. அதே ஆம்ப்பில் சுஸ்வராவை மாட்டினால் தேவையான மின்னோட்டமே கிடைக்காது. தவிர பிளேனாரின் இம்பீடன்ஸ் அநேகமாகத் தட்டையான கோடு என்பதால் அந்த மேடும் வராது. மேடு வேண்டாதவர்கள், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான வெளியீடு கொண்ட ஆம்ப்பைத் தேடினால் போதும்.

ஆம்ப்பின் குணத்தில் மந்திரமில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 'ஸ்டீரியோஃபைல்' இதழாசிரியர்களிடம் ஒரு சவால் விட்டார். நீங்கள் உயர்வாக மதிக்கும் ஆம்ப் ஒன்றைக் கொடுங்கள், என் மலிவான ஆம்ப்பை அதைப்போலவே ஒலிக்கச் செய்கிறேன் என்றார். விலையுயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்வர் இரண்டுக்கும் ஒரே இசையை அனுப்பி, இரண்டு வெளியீடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தனியே எடுத்துக் கேட்டு, அது அநேகமாக மறையும்வரை தன் ஆம்ப்பைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் எது எது என்று ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னர் கடைக்கு வந்த மாடல் அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்று அதே இதழ் எழுதி, சர்ச்சை நீண்டது வேறு கதை. ஆனால் ஒரு ஆம்ப்பின் 'குணம்' என்று நாம் போற்றுவதை அளந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியும் என்பதை அந்தச் சவால் அன்றைக்குக் காட்டிவிட்டது.

நான் இன்னும் பெரிதாக மதிப்பது 2011-இல் நடந்ததை. பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர், 'என்.டபிள்யூ.ஏவி.கை' என்ற புனைபெயரில், ஓ-2 என்ற ஹெட்போன் ஆம்ப்பின் முழு வரைபடத்தையும் அளவீடுகளையும் இணையத்தில் இலவசமாக வைத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். பாகங்களின் விலை முப்பது டாலர் அளவில். வெளியீட்டு இம்பீடன்ஸ் அரை ஓம். 300, 600 ஓம் ஹெட்போன்களுக்குத் தாராளமான வோல்ட். எந்தப் பாகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார், எதை எப்படி அளந்தார் என்று வரிக்கு வரி எழுதினார். பல மடங்கு விலையுள்ள ஆம்ப்களின் அளவீடுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே எழுதுவதை நிறுத்திவிட்டு மறைந்துபோனார். ஒரு பைசா எதிர்பார்க்காமல் அவர் விட்டுச்சென்ற அறிவால், நல்ல ஆம்ப் என்பது அளந்து பார்க்கக்கூடிய, எட்டக்கூடிய பொருள் என்று எத்தனையோ பேருக்குப் புரிந்தது. இன்று பத்தாயிரம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் குறைகள் காதுக்கு எட்டாத அளவுக்குத் தூய்மையான ஆம்ப்கள் கிடைக்கின்றன.

அப்படியானால் கடையில் இரண்டு ஆம்ப்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது தெரியும் வித்தியாசம்? பெரும்பாலும் அது சத்தத்தின் வித்தியாசம். அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடினால் நம் காது அதைச் 'சத்தம் கூடியது' என்று எடுத்துக்கொள்வதில்லை; தெளிவு, ஆழம், உயிர்ப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு காதையும் இரண்டு ஆம்ப் சுற்றுகள் சேர்ந்து இயக்கும் பேலன்ஸ்டு வெளியீட்டில் செருகியதும் இசை மலர்ந்துவிட்டது என்பதும் பல நேரம் இதுதான். அதில் வோல்ட் இரட்டிப்பாவதால் வால்யூம் திருகு நகராமலே 6 டெசிபல் ஏறிவிடுகிறது. மல்ட்டிமீட்டரை வைத்து இரண்டு ஆம்ப்பின் வோல்ட்டையும் சமமாக்கிவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் தெரிந்தால் அந்த ஆம்ப்புக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம்.

ஜோடியைப் பிரிக்கவே முடியாத ஒரு குடும்பமும் உண்டு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-இல் தொடங்கிவைத்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்கள். இன்றைய ஸ்டாக்ஸ் மாடல்களின் படலத்துக்கு 580 வோல்ட் நிலையாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆகவே சாதாரண ஆம்ப் எதுவும் உதவாது. சென்ஹைசர் 2015-இல் காட்டிய எச்.இ. 1-இல், கேபிளில் வீணாவதைத் தவிர்க்க, ஆம்ப்பின் இறுதிக் கட்டத்தைக் காதுக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பளிங்குப் பெட்டியில் எட்டு வால்வுகள் வேறு. பொருத்தம் பார்க்கும் கவலை வாங்குபவருக்கு அங்கே இல்லை, விலை மட்டும்தான்.

எதிர்முனையில், நுட்பமான இயர்போன்கள். கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடாவுக்கு 12.8 ஓம், 1 மில்லிவாட்டுக்கே 113 டெசிபல் அளவு. இதற்குத் திறன் தேவையே இல்லை, நிசப்தம்தான் தேவை. பெரிய ஆம்ப்பில் செருகினால் பாட்டு தொடங்குமுன்பே மழை தூறுவதுபோல இரைச்சல் கேட்கும். வால்யூம் திருகை மயிரிழை நகர்த்தினாலும் சத்தம் எகிறும். இதை வாங்குபவர் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, குறைவாக உள்ள, வெளியீடு 1 ஓமுக்கும் கீழே உள்ள ஆம்ப்பைத் தேட வேண்டும். பல நேரம் அது ஒரு நல்ல டாங்கிளாகவே இருக்கும்.

இரண்டு வகையையும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலில். 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. சுஸ்வராவைக் கேட்டு முடித்த ஆம்ப்பில், திருகைத் தொடாமல் அப்படியே இயர்போனை மாற்றிச் செருகினால் காதில் இறங்குவது இந்த வரம்புகளுக்கெல்லாம் வெகுதூரம் மேலே. ஒரே நொடியில் கேள்திறனும் போகலாம், கருவியும் போகலாம். திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், கெயினைக் குறையுங்கள், செருகுங்கள், பாட்டை ஓடவிடுங்கள், அப்புறம் காதில் வையுங்கள்.